இரண்டு கரிநெருப்புகள்



புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வரும் கிரேக்கச் சொல் ஒன்று உண்டு. 'அந்த்ரக்கியா' என்பது அது. கரியைக் குவித்து மூட்டிய நெருப்பு என்பது அதன் பொருள். இரண்டு இடங்களுமே அருளப்பர் நற்செய்தியில் உள்ளன: 18ஆம் அதிகாரம் 18ஆம் வசனம், 21ஆம் அதிகாரம் 9ஆம் வசனம். இரண்டு நெருப்பின் அருகிலும் இராயப்பரைக் காண்கிறோம். (பேதுரு என்று இன்றைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். என் நாக்கோ சிறுவயதில் கற்ற பெயரைவிட மறுக்கிறது, பொறுத்தருள்க.)

முதல் நெருப்பு தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் எரிந்தது. அதே நெருப்பைச் சொல்லும்போது மாற்கு 'ஒளி' என்று பொருள்படும் சொல்லையும், லூக்காஸ் 'நெருப்பு' என்ற பொதுச்சொல்லையும் ஆள்கின்றனர். அருளப்பர் ஒருவரே அது கரிநெருப்பு என்று குறித்து வைக்கிறார். எருசலேம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருப்பது. பாஸ்கா காலத்து இரவு அங்கே குளிர்ந்தே இருக்கும். காவலரும் ஊழியரும் நெருப்பைச் சூழ்ந்து நிற்க, இராயப்பரும் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். பிறர் துன்பத்தில் குளிர்காய்வது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு அன்றோ? அவர் அந்த எண்ணத்தோடு அங்கே போகவில்லை. ஆண்டவரை விட்டு அகல மனமின்றியே பின்தொடர்ந்தார். ஆயினும் உள்ளே ஆண்டவர் அறை வாங்கிக்கொண்டிருக்க, வெளியே சீடர் பகைவரின் நெருப்பில் கைகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

பாவம் பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. கொலைக்கும் கொள்ளைக்கும் திட்டமிட்டுப் புறப்படுகிறவர் நம்முள் சிலரே. சற்றே குளிர்கிறது, பக்கத்தில் நெருப்பு இருக்கிறது, அதற்காகக் கூட்டத்தோடு நிற்கிறோம். பிறகு கூட்டம் கேட்கும் கேள்விக்குக் கூட்டம் விரும்பும் விடையைச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்தில் வாளை உருவத் துணிந்தவருக்கு ஒரு பணிப்பெண்ணின் முன் துணிவில்லை. மூன்றாம் முறை கேட்டவன், அவரால் காது வெட்டுண்ட மால்குஸின் உறவினன். சேவல் கூவிற்று. ஆண்டவர் திரும்பி இராயப்பரை நோக்கினார் என்று லூக்காஸ் மட்டும் எழுதுகிறார்.

அன்று தவறியவர் இன்னொருவரும் உண்டு. யூதாஸ் மனம் வருந்தினான் என்று மத்தேயு 27ஆம் அதிகாரம் கூறுகிறது. வருந்தியதோடு நில்லாமல் 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்ததாகத் தன் வாயாலேயே அறிக்கையிட்டான். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை என்று நாம் சிறுவர்க்குக் கற்பிப்பவற்றுள் அங்கே எது குறைந்தது? மனத்துயர் இருந்தது, வாய்மொழி இருந்தது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தலும் இருந்தது. இறைவனின் இரக்கத்தின்மேல் நம்பிக்கை குறைந்தது என்பர் மறைவல்லுநர். சரியே. ஆனால் அவன் யாரிடம் போனான் என்பதையும் பார்க்க வேண்டும். குருக்களிடம் போனான்! அவர்களோ அது தங்கள் கவலையன்று, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைவிரித்தார்கள். பிறகு காசைப் பற்றிக் கலந்து பேசினார்கள். இரத்தத்தின் விலையைக் கோவில் காணிக்கையோடு சேர்ப்பது முறையன்று என்று கண்டு, குயவன் நிலத்தை வாங்கினார்கள். சட்டம் சிறிதும் பிசகவில்லை. காசுக்கு இடம் கிடைத்தது, கொண்டுவந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

(யூதாஸ் நரகத்தில் இருக்கிறான் என்று திருச்சபை ஒருநாளும் அறுதியிட்டுச் சொன்னதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நம் ஞானோபதேச வகுப்புகளில் அதைச் சொல்லத் துணிபவர் உளர்.)

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முள் தைக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வயதில், கடலோரப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றிருந்தேன். அங்கே மரண உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறுதொகை திரட்டி, துக்க வீட்டுக்குக் கொடுப்பார்கள். அதன் பொருளாளர் என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றே அழைப்பேன். ஒருநாள் மாலை என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். மகனின் அறுவைச் சிகிச்சைக்காகச் சங்கப் பணத்தில் 11,400 ரூபாய் எடுத்துவிட்டதாகச் சொன்னார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, தாமாகவே வந்து சொன்னார். (இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.) நான்கு மாதங்களில், மனைவியின் கழுத்துச் சங்கிலியை விற்றுப் பணம் முழுவதையும் கொண்டுவந்தார். நான் அதை இருமுறை எண்ணினேன். ரசீது எழுதினேன். "சரி, கணக்கு முடிந்தது, போய் வாருங்கள்" என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிவில், இனிச் சங்கக் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று அறிவித்தேன். காரணம் சொல்லவில்லை. சொல்லாததே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

தண்டிக்கவில்லை, காவல் நிலையம் போகவில்லை, மன்னித்துவிட்டேன் என்றே நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ முன் வரிசையிலிருந்து தூண் மறைவுக்குப் போனார், பிறகு வாசலுக்கு, பிறகு வரவேயில்லை. எனக்கும் மாற்றல் வந்தது.

இப்போது இரண்டாம் நெருப்புக்கு வருவோம். அது திபேரியாக் கடலோரத்தில், விடியற்காலையில் எரிகிறது. அந்த ஏரி கடல்மட்டத்துக்கும் ஏறக்குறைய 210 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தில் கிடப்பது. எருசலேமின் குளிர் அங்கே இல்லை. எனவே இந்த நெருப்பு குளிர்காய்வதற்கன்று. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் கரைதிரும்பும் மனிதருக்குக் காலைச் சாப்பாடு அதன்மேல் வெந்துகொண்டிருக்கிறது. கடற்கரைப் பங்கில் இருந்தவர்களுக்கு அந்த வெறும் வலையின் கனம் தெரியும். கரையில் நிற்பவர் சொற்படி வலைவீசியபின் அகப்பட்டவை 153 பெரிய மீன்கள். இந்த எண்ணுக்குப் புனித அகுஸ்தினார் சொல்லும் விளக்கம் சுவையானது: ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும், பதினேழாவது பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தது. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். ஆனால் என் மனம் மீன்களில் நிற்பதில்லை. கரையிலிருந்து எழும் அந்தப் புகையில் நிற்கிறது.

ஆண்டவரே அங்கே நிற்கிறார் என்று கேட்டதும் இராயப்பர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். கரை இருநூறு முழத் தொலைவு, அதாவது ஏறக்குறைய 90 மீட்டர். நனைந்து, மூச்சுவாங்கக் கரையேறியவரின் மூக்கில் முதலில் ஏறியது என்ன மணமாயிருக்கும்? கரி எரியும் மணம்! கடைசியாக அந்த மணத்தை அவர் எங்கே முகர்ந்தார் என்பதை நாம் அறிவோம். வேறு ஆயிரம் வழிகளில் அவரைச் சந்தித்திருக்கக் கூடிய ஆண்டவர், அவர் தவறிய இடத்தை ஒத்த இடத்துக்கே அவரை வரவழைக்கிறார். புண்ணைச் சுற்றிச் சுற்றிப் போவது நம் வழக்கம். அவர் புண்ணின் மேலேயே கை வைக்கிறார். ஆனால் முதலில் உண்ண அழைக்கிறார். உண்டு முடித்த பிறகே பேச்சு.

அருளப்பரின் மகனான சீமோனே என்று பழைய பெயரால் அழைத்து, என்மேல் அன்பு கொண்டிருக்கிறாயா என மும்முறை கேட்கிறார். கிரேக்க மூலத்தில் முதல் இரு கேள்விகளிலும் 'அகப்பாவோ' என்னும் வினைச்சொல் வருகிறது. இராயப்பர் மூன்று முறையும் 'பிலேயோ' என்னும் சொல்லால் விடைதருகிறார். மூன்றாம் கேள்வியில் ஆண்டவரும் அவருடைய சொல்லுக்கே இறங்கி வருகிறார். இலத்தீன் வுல்காத்தாவும் இரு வேறு சொற்களால் இந்த வேறுபாட்டைக் காத்துள்ளது. குருமடத்திலிருந்து வந்த புதிதில் இதன்மேல் மாளிகை கட்டி மறையுரைகள் நிகழ்த்தியிருக்கிறேன்: ஒன்று தெய்வீக அன்பு, மற்றது வெறும் நட்பு என்று. அகுஸ்தினாரோ 'இறைவனின் நகரம்' 14ஆம் நூலில் இதே பகுதியை எடுத்துக்காட்டி, இச்சொற்களிடையே அத்தகைய வேறுபாடு இல்லை என்கிறார். வயதேற ஏற அவர் பக்கமே சாய்கிறேன்.

ஏனெனில் வினைச்சொல்லைவிட, ஒவ்வொரு விடைக்கும் பின்னால் வருவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வி இல்லை. இனிச் செய்யமாட்டாயே என்று வாக்குறுதி வாங்கவில்லை. சில ஆண்டுகள் உன் நடத்தையைப் பார்ப்போம் என்ற தவணையும் இல்லை. அன்பு செய்கிறேன் என்று அவர் சொன்ன அந்த நொடியே ஆட்டுக்குட்டிகள் அவர் பொறுப்பில் விடப்படுகின்றன. மறுபடி கேட்டு மறுபடி விடப்படுகின்றன. அவை ஆண்டவருடைய சொந்த ஆடுகள். மூன்றாம் முறை கேட்டபோது இராயப்பர் மனம் நொந்தார் என்பதையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. மன்னிப்பு வலிக்கவே செய்தது. ஆனால் அந்த வலியோடு கையில் ஒரு கோலும் கொடுக்கப்பட்டது.

நான் அண்ணாச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கோலைத்தான்.

சென்ற ஆண்டு அதே பங்கின் திருவிழா நவநாளில் மறையுரையாற்ற அழைத்திருந்தார்கள். மாலையில் கடற்கரைப் பக்கம் போனேன். நரைத்த ஒருவர் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். எழுந்து, "சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி" என்றார். அருகில் மணலிலேயே உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல், "அண்ணாச்சி, அன்றைக்கு உங்கள் முன்னால் பணத்தை அப்படி எண்ணியிருக்கக் கூடாது. என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் வலையையே பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "எண்ணுனது தப்பில்ல சாமி. ஊர்ப் பணம், எண்ணித்தான் ஆகணும். எண்ணி முடிச்சு ரசீதும் எழுதிக் குடுத்தீங்க. அதுவரைக்கும் ஒருதரம்கூட என் முகத்தப் பாக்கல."

நான் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படுமுன், பூசைக் காணிக்கையாக என் பையில் சேர்ந்திருந்த 5,000 ரூபாயை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஊரில் யாருக்கு மெய்யான தேவை என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்றேன். வாங்கிக்கொண்டு, விரலை ஈரப்படுத்தி எண்ணத் தொடங்கினார். "எண்ண வேண்டாம், அண்ணாச்சி" என்றேன். "அது எப்படி சாமி, கணக்குன்னா எண்ணித்தான் வாங்கணும்" என்று சொல்லி, முழுவதையும் எண்ணிய பிறகே மடியில் வைத்தார்.

ஆறு வாரம் கழித்துத் தபாலில் கோடிட்ட தாள் ஒன்று வந்தது. ஒரு விதவைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு 2,500. கண்ணுக்கு மருந்து வாங்க ஒரு முதியவருக்கு 1,200. கூரை ஓலைக்கு 1,150. மீதி 150 ரூபாய் தம்மிடம் இருப்பதாகவும், அதை என்ன செய்வதென்று சாமி எழுத வேண்டும் என்றும் கீழே குறித்து, கையொப்பம் இட்டிருந்தார்.