முதுகிற் சுமக்கும் நஞ்சு

சென்ற தை மாதம், விடுமுறை கழிந்து வகுப்புகள் தொடங்கிய முதல் வாரம். கட்டுரைக் கொப்பியை நீட்டிய உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் விரல்களைக் கண்டு திடுக்கிட்டேன். நகங்களின் ஓரமெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வருபவன் அவன்.

“என்ன தம்பி, கைக்கு என்ன நேர்ந்தது?” என்றேன்.

“லீவுக்குள்ள வட்டையில மருந்தடிக்கப் போனேன், சேர். நாட்கூலி நல்லாக் கிடைச்சுது.”

“கையுறை அணியவில்லையா?”

“கையுறைய ஆரு தாற, சேர்?”

அவ்வினா என்னைச் சுட்டது. தந்தை வழியில் வந்த மூன்று ஏக்கர் நெற்காணி எனக்கும் உண்டு. எத்தனை மூடை விளைந்தது என்று ஆண்டுதோறும் தவறாது கேட்கிறேன். மருந்தடித்தவன் யார், எதை அணிந்து அடித்தான் என்று ஒருநாளேனும் கேட்டதில்லை.

நம் பகுதியில் நாற்று நடுவோரிலும் நெல்லை வீசி விதைப்போரே மிகுதி. வீசி விதைத்த வயலில் நெல்லோடு களையும் சேர்ந்து முளைக்கும். முன்னாளில் அதனைக் கைகளாற் களைந்தனர். இன்றோ பதினாறு லீற்றர் கொள்ளும் தாங்கியொன்று கூலியாளின் முதுகில் ஏறியிருக்கிறது. அதன் மூடி கசிந்தால் முதுகு நனைகிறது. எதிர்க்காற்று வீசினால் முகம் நனைகிறது. தெளித்த பயிரினூடே நடந்தால் தொடைவரை நனைகிறது. இத்தகைய தொழிலில் நஞ்சு உடலிற் புகும் பெருவழி மூக்கன்று, தோலே. மூக்கிற்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வயலில் இறங்குபவன், சாளரத்தை அடைத்துவிட்டு வாயிலைத் திறந்து வைத்தவன் ஆவான்.

தலைவலி, வாந்தி, கண் மங்கல் ஆகியவை அன்றே தோன்றுவன. அவற்றை உழவர் அறிவர். பல்லாண்டுகள் கழித்து வெளிப்படக்கூடிய தீங்கையோ அவர் அறியார். நம் குருதியின் கலங்கள் என்புகளின் உள்ளேயுள்ள மச்சையில் நாள்தோறும் புதிதாய்ப் பிறக்கின்றன. ஓயாது பிரிந்து பெருகும் அக்கலங்களின் மரபுப்பொருள் சிதைவுறின், சில கலங்கள் கட்டுக்கடங்காது பெருகலாம். குருதிப் புற்றுநோயும், நிணநீர்ப் புற்றுநோயும், மச்சைப் புற்றுநோயும் இவ்வாறே உண்டாகின்றன.

மருந்தடிப்போர் யாவரும் இந்நோய்க்கு ஆளாவர் என்று எவரும் அஞ்சவேண்டா. ஆயின் ஐயத்திற்குத் தக்க காரணங்கள் உள. 1993ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் நாசினி தெளிப்போரும் அவர்தம் துணைவருமாக ஏறத்தாழ 89,000 பேரைச் சேர்த்து, அவர்களின் உடல்நலத்தை ஆண்டாண்டாய்க் கவனித்து வருகின்றனர். அவர்களுள் ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் சிலரின் குருதியைச் சோதித்து 2009இல் ஒரு முடிவு வெளியிட்டனர். மச்சைப் புற்றுநோய்க்கு முன்னோடியான ஒருவகைப் புரதம், மினசோட்டா மாநிலத்து ஆடவரிற் காணப்பட்டதைவிட இவர்களிடம் ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாயிருந்தது.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையம், மலத்தியன், டயசினன், கிளைபோசேட் ஆகிய மூன்றும் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2015இல் வகைப்படுத்திற்று. அதே ஆண்டில் லிண்டேனை ஐயத்திற்கிடமின்றிப் புற்றுநோய் தருவதென்று கூறிற்று. கிளைபோசேட் பற்றி அறிஞரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. முற்கூறிய அமெரிக்க ஆய்விலேயே, அதனைத் தெளித்தோரிடம் நிணநீர்ப் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. மிக அதிகமாய்த் தெளித்தோரிடம் ஒருவகைக் குருதிப் புற்றுநோய் சற்றுக் கூடியதற்கு அறிகுறி தோன்றினும் அது உறுதிப்படவில்லை. இரு தரப்பையும் கூறுவதே நேர்மை.

எனினும், முழு உறுதி வரும்வரை உழைப்பாளியைக் காக்கவைத்தல் தகுமா? பிரான்சு தேசம் காத்திருக்கவில்லை. நாசினியோடு பழகிய கமத்தொழிலாளர்க்கு வரும் நிணநீர்ப் புற்றுநோயைத் தொழில்வழி நோயென 2015இல் ஏற்று, இழப்பீட்டுக்கு வழிசெய்தது. 2019இல் மச்சைப் புற்றுநோயையும் அப்பட்டியலிற் சேர்த்தது.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பனவும், 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. நஞ்சருந்தி உயிர் மாய்ப்போர் தொகை அதனாற் பெரிதும் குறைந்தது. ஆயின் 2021இல் இரசாயன உரத்தையும் நாசினியையும் ஒருசேர நிறுத்திய ஆணை, விளைச்சல் வீழவே, அவ்வாண்டு கார்த்திகையிலேயே மீளப்பெறப்பட்டது. எனவே, மருந்தே வேண்டாவென்று ஒரே நாளில் உதறுதல் இயலாது. அதை ஏந்தும் உடலைக் காத்தல் இன்றே இயலும்.

போத்தலில் உள்ள வண்ணப்பட்டையைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். சிவப்பு எனில் கொடியது, நீலமும் பச்சையும் எனில் தீங்கற்றது என்பது அவர் எண்ணம். அப்பட்டை குறிப்பது உடனடி நஞ்சின் வலிமையையே. பல்லாண்டு கழித்து வரும் தீங்கை அது குறிப்பதன்று.

செய்யத்தக்கவை எளியன. மருந்தைக் கையாற் கலக்கலாகாது. இறப்பர்க் கையுறையும் நீண்ட கால் மூடணியும் வேண்டும். காற்று முதுகுப்புறமாயும் பக்கவாட்டிலும் வீசுமாறு நின்று தெளிக்க வேண்டும். இடையில் வெற்றிலை போடுவதும் பீடி புகைப்பதும் கூடா. நனைந்த உடையை உடனே களைந்து, சோப்பிட்டுக் குளித்து, அவ்வுடையைக் குழந்தைகளின் துணிகளோடு சேராது தனியே துவைக்க வேண்டும். தாங்கியை வாய்க்காலிற் கழுவினால் அந்நீர் ஈற்றில் வாவியையே சேரும். மீனும் இறாலும் அங்கிருந்தே நம் உலைக்கு வருகின்றன. கையுறையும் மூடணியும் வாங்கித் தருதல் காணிக்காரரின் கடமை. அச்செலவை விதைநெல்லின் செலவோடு சேர்த்தே எழுதுக. இவ்வாண்டு முதல் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், உடல் வெளிறல், ஓயாத களைப்பு, முரசிற் குருதிக் கசிவு, கழுத்திலோ அக்குளிலோ நோவில்லாத கட்டி ஆகியவற்றைக் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்க. குருதிக்கலங்களை எண்ணும் எளிய சோதனையே பெரும்பாலும் முதற்படி. “நான் மருந்தடிப்பவன்” என்பதையும் வைத்தியரிடம் மறவாது கூறுக.

இறுதியாக, மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை. அமெரிக்க உழவர், தாம் எதனை, எத்தனை நாள் தெளித்தோம் என்று நினைவுகூர்ந்து சொன்ன விடைகளே அப்பெரிய ஆய்வின் அடித்தளம். உங்கள் இல்லத்தில் மருந்தடிப்பவர் உண்டெனில், பழைய கொப்பியொன்றில் நாளையும், மருந்தின் பெயரையும், தெளித்த நேரத்தையும் எழுதி வாருங்கள். நாளை ஒரு வைத்தியர் வினவுங்கால் அவ்வேடு விடை சொல்லும். விரல் உரிந்த அம்மாணவனிடம் அத்தகைய கொப்பியொன்றைக் கொடுத்திருக்கிறேன். அதனோடு ஒரு சோடிக் கையுறையும்.