மூன்று பேர் சேர்ந்தால் கச்சேரி, பிரிந்தால்தான் பிழைப்பா?

கர்நாடக சங்கீதம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தை மூடப் போகும் வகுப்புத் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். ராக லட்சணம், தாளக் கணக்கு எதுவும் இங்கே வரப்போவதில்லை. இது வேலையைப் பற்றிய பதிவு. படித்த படிப்புக்கு வேலை கிடைக்குமா என்று நாம் தினமும் புலம்புகிறோம் அல்லவா, அதே கவலை வயலின் படித்தவனுக்கும் உண்டு.

என்னோடு படிக்கும் ஒருவன் (பெயர் வேண்டாம், அடிக்க வருவான்) எட்டு வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறான். நன்றாகவே வாசிப்பான். அவன் வீட்டில் சொல்வது இதுதான்: "எவ்வளவு நல்லா வாசிச்சாலும் கடைசிவரைக்கும் பக்கவாத்தியம்தானேடா, பேசாம பேங்க் பரீட்சைக்குப் படி." வீட்டாரைக் குறை சொல்ல முடியவில்லை. கச்சேரி அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வயலின், மிருதங்கம் வாசிப்பவர்கள் பெயர் அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில் இருக்கும். சன்மானமும் பெரும்பாலும் அந்த எழுத்தின் அளவுக்கு ஏற்றபடிதான்.

இந்த அமைப்பை மாற்றிப் பார்த்த ஒரு தகப்பனார் இருந்தார். பெயர் வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். வயலின் பாட்டுக்குப் பின்னாலேயே போக வேண்டிய வாத்தியம் அல்ல, தனியாகவும் கச்சேரி செய்யக்கூடியது என்பது அவருடைய பிடிவாதமான நம்பிக்கை. மகன்கள் எல். வைத்தியநாதன் (பிறப்பு 1942), எல். சுப்ரமணியம் (1947), எல். சங்கர் (1950) மூவரும் அப்பாவிடமே கற்று, மூன்று வயலின்களோடு மேடை ஏறினார்கள். நடுவில் பாடகர் இல்லை. ஒருவர் சுரம் போட, அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு போக, மூன்றாமவர் முடிக்க, கடைசியில் மூவரும் சேர்ந்து ஒரு கோர்வை. மேற்கே சேம்பர் மியூசிக் என்று ஒன்று உண்டு. பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லாமல், ஒரு அறைக்குள் சில பேர் சமமாக உட்கார்ந்து வாசிக்கும் இசை. நம் ஊரில் அதற்கு மிக நெருங்கியது இந்த மூவர் குழுதான்.

பிறகு என்ன ஆனது? மூவரும் மூன்று திசையில் போனார்கள். மூத்தவர் வைத்தியநாதன் சினிமாவுக்கு வந்தார். பாரதியார் பாடல்களோடு வந்த 'ஏழாவது மனிதன்' (1982), வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) இரண்டுக்கும் இசை அவர்தான். தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' இசையும் அவருடையதே. 2007இல் காலமானார். சுப்ரமணியம் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்! டாக்டர் வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போய் மேற்கத்திய இசையைப் படித்தார். ஆர்கெஸ்ட்ராக்களோடு வாசித்தார், 'சலாம் பாம்பே' (1988) படத்துக்கு இசையமைத்தார். 2025இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. இளையவர் சங்கர் 1970களில் ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் உலகம் சுற்றினார். பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலினை உருவாக்கியவரும் அவரே.

மூன்று பேருமே ஜெயித்தவர்கள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று பேரின் பெயரும் நிலைத்தது அந்த மூவர் குழுவுக்கு வெளியே செய்த வேலைகளால். சேர்ந்து வாசித்தது கல்லூரி மாதிரி, படித்து முடித்ததும் கிளம்பிவிட வேண்டிய இடம். என்னை உறுத்துவது இதுதான்.

இன்னொரு உதாரணம். 1966இல் லால்குடி ஜெயராமன் (1930–2013) வயலின், வேணு, வீணை என்ற மூவர் அமைப்பைத் தொடங்கினார். வேணு, அதாவது புல்லாங்குழல், என். ரமணி (1934–2015). வீணை, திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமன். இங்கே அண்ணன் தம்பி உறவு கிடையாது. மூன்று வாத்தியங்களின் குணமும் வேறு. வயலினில் வில் போகிற வரை சுரம் நிற்கும். குழலில் மூச்சு இருக்கிற வரை நிற்கும். வீணையில் மீட்டிய நொடியிலிருந்தே சுரம் தேயத் தொடங்கிவிடும். குழலின் சுருதியைத் திருகி மாற்ற முடியாது, மூங்கிலில் துளை போட்டபோதே முடிவானது அது. எனவே தந்தி வாத்தியங்கள் இரண்டும்தான் குழலோடு ஒத்துப்போக வேண்டும். யார் பெரியவர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவரும் எப்படிக் காது கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே புரியும்.

ஆனால் அங்கேயும் அதே கதைதான். லால்குடி, பெரிய வித்வான்கள் எல்லோருக்கும் பக்கம் வாசித்துப் பிறகு தனிக் கச்சேரி, வர்ணம், தில்லானா என்று தனக்கென ஒரு பாணி அமைத்துக்கொண்டவர். மாலியின் சீடரான ரமணி குழலில் ஒரு தலைமுறையையே உருவாக்கி, 1996இல் சங்கீத கலாநிதி ஆனவர். அவர்களுக்கு மூவர் கச்சேரி அவ்வப்போது நடக்கும் ஒரு விசேஷம். அன்றாடப் பிழைப்பு வேறு இடத்தில் இருந்தது.

இப்போது மேற்கே பாருங்கள். பியானோ, வயலின், செல்லோ கொண்ட போ ஆர்ட்ஸ் ட்ரையோ அமெரிக்காவில் 1955இல் தொடங்கியது. 2008 வரை, 53 வருடம் ஊர் ஊராகப் போய் வாசித்தது. பியானோ கலைஞர் மெனஹெம் பிரெஸ்லர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தார். மற்ற இரண்டு இடங்களில் ஐந்து வயலின் கலைஞர்களும் மூன்று செல்லோ கலைஞர்களும் மாறி மாறி வந்தார்கள். ஆள் மாறினாலும் குழு நின்றது. அந்தக் குழுவில் வாசிப்பதே ஒரு முழு நேர வாழ்க்கையாக இருக்க முடிந்தது.

"அவர்களுக்கு எழுதி வைத்த இசை, நமக்கு மனோதர்மம். மேடையிலேயே கற்பனை செய்யும் இசைக்கு ஒரு தலைவர் வேண்டும்" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன இரண்டு குழுக்களும் மனோதர்மத்தோடுதான் வாசித்தன. தவிர, நம் கோயில் மேளத்தைப் பாருங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஒரு செட்டாக வருடக்கணக்கில் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ஆக, நம் ரத்தத்தில் குழு வாசிப்பு இல்லாமல் இல்லை.

என்னைக் கேட்டால், தடை ஒத்திகையில் இருக்கிறது. நம் கச்சேரிகளில் பாடகரும் வயலின்காரரும் மேடையிலேயே நேரடியாகச் சந்திப்பது சாதாரணம். அடுத்து என்ன பாட்டு என்பதே வயலின்காரருக்கு அங்கேதான் தெரியும். அது ஒரு பெரிய திறமை, மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் சமமாக வாசிக்க வேண்டுமென்றால் நாள்கணக்கில் சேர்ந்து உட்கார வேண்டும். அந்த நாட்களுக்குக் காசு யார் கொடுப்பது? அதனால்தான் நம்மிடம் நிலைத்து நிற்கும் ஜோடிகளில் பெரும்பாலானவர்கள் சகோதரர்கள், சகோதரிகள், அப்பா பிள்ளைகளாக இருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒத்திகை இலவசம்! உறவில்லாத மூன்று பேருக்கு அந்த வசதி கிடையாது.

இதற்கு வழி பயணம்தான் என்று நினைக்கிறேன். ஒரு கச்சேரிக்காகப் பத்து நாள் ஒத்திகை பார்த்தால் கட்டுப்படியாகாது. அதே ஒத்திகையை வைத்துப் பத்து ஊரில் வாசித்தால் கட்டுப்படியாகும். வெளிநாட்டுக்குப் போகும் நம் கலைஞர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978இல் தொடங்கியது. அதையொட்டி அமெரிக்கா போகிறவர்கள் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பேராகப் பல ஊர்களைச் சுற்றி வருவது வழக்கம். டிக்கெட், விசா செலவை நினைத்து ஆட்களைக் குறைக்கிறார்கள் என்றாலும், ஒரே காரில் வாரக்கணக்கில் போகும் மூன்று பேர் கடைசிக் கச்சேரிக்குள் தானாகவே ஒரு குழுவாகிவிடுவார்கள் அல்லவா! அமெரிக்காவில் முடிகிறது சேலம் ஜில்லாவில் ஏன் முடியாது?

நான் இருப்பது ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்தில். காப்பியும் மிளகும் உண்டு, சபா கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் வந்தால் உண்டு, இல்லையென்றால் செல்போனில் கேட்பதுதான். டிசம்பர் சீசன் சென்னைக்காரர்களுக்கு. எங்களுக்கு மே மாதக் கோடை விழா, அதில் பெரிய மேடை, பெரிய ஸ்பீக்கர். மூன்று பேர் வாசிக்கும் இசைக்கு இது எதுவும் தேவையில்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே காரில் ஏறி வந்துவிடலாம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையும் ஒரு ஜமுக்காளமும் போதும், மைக்கூட வேண்டாம். அதே குழு மறுநாள் சேலம், அடுத்த நாள் நாமக்கல், அதற்கடுத்து தர்மபுரி என்று போகட்டும். பெரிய நட்சத்திரங்கள் வர வேண்டியதில்லை. இசைக் கல்லூரியில் படித்து முடித்த மூன்று இளைஞர்கள் போதும். கோடை விழாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் அவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் தேறும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'மூவர்' என்று போஸ்டர் அடிக்கும்போது நாலாவதாக ஒருவர் மேடையில் இருப்பார். மிருதங்கம்! வயலினைச் சின்ன எழுத்திலிருந்து மேலே தூக்கிவிட்டு மிருதங்கத்தை அங்கேயே விட்டால் என்ன நியாயம்? மிருதங்கத்துக்கு முதல் முறையாகச் சங்கீத கலாநிதி கிடைத்ததே 1966இல்தான், பாலக்காடு மணி ஐயருக்கு. லால்குடியின் மூவர் குழு தொடங்கிய அதே வருடம். பெண் வயலின் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 2016 வரை, ஏ. கன்யாகுமரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் மேடையில் வரிசை மெதுவாகத்தான் மாறுகிறது.

ஆகவே விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் எல்லோர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சன்மானத்தைச் சமமாகப் பிரிப்பதை அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம்.