வயலில் பிறந்த வார்த்தை

என் கதைகளில் குடியானவன் பேச்சு வந்தால் 'கொச்சை' என்கிறார்கள் பண்டிதர்கள். விஞ்ஞானம் பேச அந்தப் பாஷை உதவவே உதவாதாம். கௌரவமான புதுச் சொற்கள் வேண்டுமாம். இவர்களுக்காகவே ஓர் ஆங்கில வார்த்தையின் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

'பிராட்காஸ்ட்' என்றால் நமக்கு ரேடியோதான் நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது விதைப்பைக் குறித்த வார்த்தை. 'பிராட்' அகலம், 'காஸ்ட்' வீச்சு. இடுப்புக் கூடையிலிருந்து விதையை அள்ளி, நடந்துகொண்டே அகல வீசி இறைப்பது. ஜெத்ரோ டல் என்பவர் 1701-ல் வரிசையாக விதைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். கைவீச்சில் விதை வீணாகிறது என்பது அவர் கட்சி, நியாயமான கட்சிதான். கருவி பரவியதும் வார்த்தையும் கூடையோடு பரணுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. கம்பியில்லாத் தந்தி வந்தது. ஒருவருக்கு அனுப்பும் செய்தியை ஊரே ஒட்டுக் கேட்கலாம் என்பதை முதலில் அதன் குறையாகவே நினைத்தார்கள். பிறகு அந்தக் குறையே பெருமையாயிற்று. யார் காதில் விழும் என்று பாராமல் எல்லோருக்குமாக வீசும் காரியத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது. வயல் வார்த்தையே வந்து நின்றது! 1922-ல் பிறந்த பி.பி.சி.யின் பெயரிலேயே அது ஏறிக்கொண்டது. 1932-ல் திறந்த அதன் லண்டன் மாளிகையின் முன்கூடத்துக்கு எரிக் கில் செதுக்கித் தந்த சிலை, விதைப்பவனுடையது.

"டெலிவிஷன் கிரேக்கமும் லத்தீனும் அல்லவா?" என்பார் பண்டிதர். ஆமாம். ஆனால் அந்த டெலிவிஷன் நிலையம் செய்கிற காரியத்துக்கு என்ன பெயர்? பிராட்காஸ்ட்தானே! தூய்மை பேசுகிறவர்களுக்கு இன்னொன்று: 'பிராட்' பழைய ஆங்கிலம்; 'காஸ்ட்' கடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர் சொல். இந்தக் கலப்பால் ஆங்கிலம் கெட்டா போயிற்று?

நம் 'ஒலிபரப்பு' மட்டும் என்ன? நெல்லை வெயிலில் பரப்புகிறவள் வாயில் தினமும் புழங்குகிற வார்த்தை அது. கேட்டு யாரும் சிரிக்கவில்லை. புரியவில்லை என்று சொன்னவரும் இல்லை. அப்படியிருக்க, அடுத்த கருவிக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் ஏன் நிகண்டைத் தூசி தட்டுகிறீர்கள்?

வார்த்தைகளைப் பெறுவது தொழில், கமிட்டி அல்ல. கமிட்டி பெயர் சூட்டலாம், அவ்வளவுதான். கலைச்சொல் ஆக்க அடுத்த முறை கூடும்போது, பத்துப் பண்டிதர்களுக்கு நடுவே ஒரு விவசாயிக்கும் ஒரு தச்சருக்கும் நாற்காலி போடுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கொச்சை என்று ஒதுக்குகிற வரையில், உங்கள் கௌரவச் சொற்கள் அச்சில்தான் இருக்கும். ஜனங்கள் வாய்க்கு வராது.