ஏத்தன் களக்காட்டில், விலை கேரளத்தில்

களக்காடு வட்டாரத்தில் விளையும் ஏத்தன் வாழைக்கு விலை சொல்வது களக்காடு அல்ல. நாகர்கோவில் வழியாக நூறு கிலோமீட்டரைத் தாண்டி இருக்கும் திருவனந்தபுரமும், அதற்கு அப்பால் உள்ள கேரளச் சந்தைகளும்தான். இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் ஒரு தலைநகரின் வாயை நம்பி வெள்ளாமை செய்வதில் லாபம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

நாட்டின் தலைநகரை ஒட்டியுள்ள ஊர்களின் கதையை முதலில் பாருங்கள். டெல்லியைச் சுற்றியுள்ள அரியானா, உத்தரப்பிரதேச, ராஜஸ்தான் பகுதிகளைச் சேர்த்துத் திட்டமிட 1985-ல் தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. அதற்கு முன்பே, 1976-ல், நொய்டா உருவாகிவிட்டது. குருகிராமில் கோதுமையும் கடுகும் விளைந்த வயல்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. நிலத்தின் விலை பயிரின் விலையை விழுங்கிய இடங்கள் இவை. கையகப்படுத்திய நிலத்துக்குக் கொடுத்த பணம் போதாது என்று 2011-ல் கிரேட்டர் நொய்டா அருகே பட்டா பர்சோல் கிராமத்தில் விவசாயிகள் போராடி, துப்பாக்கிச் சூடு வரை போனது. 2013-ல் புதிய நிலம் எடுப்புச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள சோனிபட் மாவட்டத்தில் வேறொன்று நடந்தது. அட்டெர்னா கிராமத்து விவசாயி கன்வல் சிங் சவுகான், டெல்லி ஓட்டல்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து பேபி கார்னும் காளானும் பயிரிட்டார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வரும் பயிர் என்பதால் ஓர் ஆண்டில் பல முறை காசு பார்க்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதில் நான் முக்கியமாக நினைப்பது பயிரை அல்ல. பதப்படுத்தும் தொழிற்கூடத்தை அவர் ஊரிலேயே வைத்தார். சந்தையில் விலை இறங்கினால் சரக்கு டப்பாவுக்குள் போய்விடும். விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

களக்காட்டுக்குப் பக்கத்துத் தலைநகர் இருக்கிறது. சிப்ஸுக்கும் பழம்பொரிக்கும் ஏத்தனைத் தவிர வேறு காயைத் தேடாத மக்களும் இருக்கிறார்கள். இல்லாதது அந்தத் தொழிற்கூடம். வெட்டிய தாரை வீட்டில் அடுக்கிவைத்துக் காத்திருக்க முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏக்கருக்கு ஆயிரம் தார், தாருக்குப் பத்து கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினால் 50,000 ரூபாய் போச்சு. உரத்துக்கும் ஊன்றுகம்புக்கும் வாங்கிய கடன் மட்டும் இறங்காது.

ஒரே சந்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்குப் பத்து நாள் முன்பு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அரசே ஓணக் கொண்டாட்டத்தை ரத்து செய்தது. ஓணத்தைக் குறிவைத்துக் குலை தள்ளிய வாழைக்கு அந்தச் செய்தி தெரியுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020 நவம்பர் 1 முதல் கேரள அரசு 16 வகை விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய். நாம் ஏத்தன் என்பதைத்தான் அவர்கள் நேந்திரன் என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு கேரள விவசாயிக்கு மட்டும். சந்தை ஒன்று, வாழை ஒன்று, விலை விழுந்தால் தாங்கும் கை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. ஏத்தனுக்கு அடிப்படை விலை கேட்க வேண்டிய இடம் அதுதான். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் அது மனு. ஊர் ஊராகக் கையெழுத்தோடு போனால் கோரிக்கை.

அரசு வரும்வரை உங்கள் கையில் இருப்பது நடவுத் தேதி. ஏத்தன் பத்து, பதினோரு மாதப் பயிர். ஓணமோ ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். மொத்தக் கன்றையும் ஒரே வாரத்தில் நடாமல் மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு மாத இடைவெளி விடுங்கள். ஒரு பங்கில் ரசகதலியோ செவ்வாழையோ வைத்தால் அந்தத் தார் திருநெல்வேலிக்கே போகும். வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிராமத்தில் யார் எந்த மாதம் எத்தனை கன்று நட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அதை விவசாயிகளுக்கே படித்துக் காட்டுங்கள். எந்த மாதத்தில் தார் குவியும் என்பது வெட்டுக்கு எட்டு மாதம் முன்பே தெரிந்துவிடும். சிப்ஸுக்கும் மாவுக்கும் இயந்திரம், பயிற்சி வேண்டும் குழுக்கள் 1993 முதல் திருச்சியில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.