தோற்காத ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்ட காஸ்பரோவ்: செஸ்ஸில் எப்போது ‘ரிசைன்’ பண்ணலாம்?

1997 மே 4, நியூயார்க். ஐ.பி.எம். உருவாக்கிய ‘டீப் ப்ளூ’ கம்ப்யூட்டருடன் கேரி காஸ்பரோவ் ஆடிய இரண்டாவது ஆட்டம். 45-வது நகர்வில் கம்ப்யூட்டர் தன் யானையை ஏ6 கட்டத்துக்குக் கொண்டுவந்தது. கருப்புக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் அவரது குழுவினரே சொன்ன தகவல்தான் அவரை உலுக்கிப்போட்டது. அந்த ஆட்டத்தை டிரா செய்ய வழி இருந்திருக்கிறது!

என்ன வழி? கருப்பு ராணியை இ3 கட்டத்துக்குள் நுழைக்க வேண்டும். வெள்ளை ராணி டி6-ல் நிற்கும் பிஷப்பை வெட்டும். வெட்டட்டும். அடுத்து யானையை இ8-க்கு நகர்த்தினால், வெள்ளை ராஜாவுக்கு விடாமல் ‘செக்’ கொடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு பிஷப் குறைவாக இருந்தாலும் கவலையில்லை.

உலகின் நம்பர் 1 வீரருக்கு இது ஏன் தெரியவில்லை? திறமைக் குறைவு இல்லை. என் கணிப்பில், அவர் பலகையைவிட எதிராளியை அதிகம் நம்பிவிட்டார். 37-வது நகர்வில், சிப்பாய்களை வெட்டும் வாய்ப்பை ஒதுக்கிவிட்டு, டீப் ப்ளூ பிஷப்பை இ4-ல் வைத்து எதிர்த்தாக்குதலுக்கான கதவை மூடியது. கம்ப்யூட்டர் இப்படி நிதானமாக ஆடாது என்று நினைத்தவருக்கு அது பேரதிர்ச்சி. பின்னணியில் மனிதத் தலையீடு இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். ‘இவ்வளவு பார்க்கிற மெஷின் ஒரு டிராவைக் கோட்டை விடுமா?’ என்று நினைத்த பிறகு, யார்தான் வழி தேடுவார்கள்?

விலை பெரிது. அடுத்த மூன்று ஆட்டங்களும் டிரா. ஆறாவதில் 19 நகர்வுகளிலேயே அவர் தோற்க, 3.5-2.5 என்று தொடர் கம்ப்யூட்டர் வசம் போனது. அந்த அரைப் புள்ளி கிடைத்திருந்தால்... சரி, அதை விடுங்கள்.

காஸ்பரோவாவது டிராவைத்தான் தவறவிட்டார். 1902-ல் மான்டே கார்லோவில் வான் போபியலுக்கு எதிராக ஆடிய ஜார்ஜ் மார்கோ, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ரிசைன் செய்தார். நகர முடியாமல் மாட்டிக்கொண்டதாக அவர் நினைத்த பிஷப்பை ஜி1-ல் வைத்திருந்தால் ஆட்டம் அவருடையது!

அப்படியானால் கடைசி சிப்பாய் வரை ஆட வேண்டுமா? அதுவும் சரியில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிராவை நோக்கிப் போன கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் 55-வது நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோனார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்பையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிஞ்சியது இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒன்று. 58-வது நகர்வு முடிந்ததும் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். இது அவசரம் இல்லை. இனி குகேஷ் எப்படி ஜெயிப்பார் என்று டிங்கே படிப்படியாகச் சொல்லிவிடுவார்.

வித்தியாசம் இங்கேதான். ‘தோற்றுவிட்டேன் போலிருக்கு’ என்பது வேறு, எதிராளி முடிக்கப்போகும் வழி நமக்கே தெரிவது வேறு. முதலாவதில் ரிசைன் பண்ணுவதைப் பலர் நாகரிகம் என்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. மொபைலில் ஒரு காய் போனதுமே ‘ரிசைன்’ பட்டனைத் தட்டுகிற நம்மைத்தான் சொல்கிறேன்.

அதே குகேஷ் 2025 ஜூன் 1 அன்று ஸ்டாவங்கரில் கார்ல்சனிடம் நீண்ட நேரம் தோற்கும் நிலையில் இருந்தார். எழுந்து போயிருந்தால் ஒருவரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தபோது கார்ல்சனின் குதிரை தப்பான கட்டத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மேஜையை ஓங்கிக் குத்திவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டவர் கார்ல்சன்.