நோய் தெரியும் வரை யார் துணை?

தலைநகர் தில்லியின் சாணக்யபுரியில் சாந்தி பாதையின் இருபுறமும் வெளிநாட்டுத் தூதரகங்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாடு அரசின் விருந்தினர் இல்லங்களும் இந்தப் பகுதியில்தான் உள்ளன. அகலமான சாலைகள், நிழல் தரும் மரங்கள், உயர்ந்த மதில்கள் என்று தலைநகரின் செல்வச் செழிப்பு இங்கே கண்ணுக்குத் தெரியும். அதே சாணக்யபுரிக்குள் விவேகானந்தா கேம்ப், சஞ்சய் கேம்ப் என்ற குடிசைப் பகுதிகளும் இருக்கின்றன. மதில்களுக்கு உள்ளே சமைப்பவர், துணி துவைப்பவர், தோட்டம் பராமரிப்பவர், கார் ஓட்டுபவர், வாயிலில் காவல் நிற்பவர் ஆகியோர் இத்தகைய குடியிருப்புகளிலிருந்துதான் வேலைக்கு வருகிறார்கள்.

தில்லியில் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. வரவேற்பறையில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி ஓடிக்கொண்டிருக்க, வாயிற்காவலர் நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசு வகுத்துள்ள வரம்போ 40 மைக்ரோகிராம். தில்லியின் காற்று அந்த வரம்பையும் ஆண்டுதோறும் மீறுகிறது. சாணக்யபுரியிலுள்ள அமெரிக்கத் தூதரகம் பல ஆண்டுகளாகத் தன் வளாகத்தில் அளவிட்ட காற்றின் தரத்தைப் பொதுமக்களும் அறிய வெளியிட்டு வந்தது. 2025 மார்ச்சில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, அமெரிக்க அரசு உலகெங்கும் தன் தூதரகங்களிலிருந்து இந்தத் தகவலைப் பகிர்வதை நிறுத்திவிட்டது. அளவு வெளிவருவது நின்றாலும் நஞ்சு நிற்கவில்லை. வெளிப்புறக் காற்று மாசு மனிதரில் புற்றுநோயை, குறிப்பாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது.

இந்தக் காற்றில் வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு வாரக்கணக்கில் இருமல் நிற்கவில்லை, எடை குறைகிறது, சளியில் இரத்தம் தென்படுகிறது என்றால் என்ன நடக்கிறது? அந்த வாரங்களில் அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ என்ன நேர்கிறது? நோய் உறுதியான பிறகு வரும் துன்பம் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். உறுதியாவதற்கு முந்தைய காலம் பேசப்படுவதே இல்லை.

வரிசைக்குப் பின் வரிசை

நுரையீரல் புற்றுநோய் ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும் நோயன்று. முதலில் எக்ஸ்ரே. அதில் நிழல் தெரிந்தால் நம் நாட்டில் முதலில் எழும் சந்தேகம் காசநோய்தான். காசநோய் மிகுதியாக உள்ள நாட்டில் அந்தச் சந்தேகம் தவறன்று. ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி உறுதிப்படாத நிலையிலும் காசநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மாதங்கள் கடப்பதுண்டு. அதன் பின் சி.டி. ஸ்கேன். பிறகு மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்தியோ, மார்பின் வழியே ஊசியைச் செலுத்தியோ சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. அது போதவில்லையென்றால் மீண்டும் ஒரு பயாப்ஸி. புற்றுநோய் என்று தெரிந்தால் எந்த வகை, என்ன மரபணு மாற்றம், உடலில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய மேலும் சோதனைகள்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிசை உண்டு. ஓ.பி. சீட்டுக்கு விடியற்காலை வரிசை. ஸ்கேனுக்கு வாரங்கள் தள்ளிக் கிடைக்கும் தேதி. அறிக்கை வாங்க இன்னொரு நாள். அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்ட மற்றொரு நாள். தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்கள் படுத்திருக்கும் காட்சி நாடறிந்தது. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் நோயாளியின் வாழ்க்கைத் துணை. ஒவ்வொரு நாள் நிற்பதற்கும் அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருந்தால், நான்கு நாள் வராதவருக்குப் பதில் வேறொருவரை வைத்துக்கொள்வதாகச் செய்தி வருகிறது.

பணம் உள்ளவரும் காத்திருக்கத்தான் செய்கிறார். ஆனால் காலையில் ஸ்கேன், மாலையில் அறிக்கை, மறுநாள் நிபுணர் என்று அவர் காத்திருப்பது நாட்களில் முடிகிறது. ஏழையின் காத்திருப்பு மாதங்களாக நீள்கிறது. இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டறியப்படுகிறது. நோயின் இயல்பு அதற்கு ஒரு காரணம். வரிசையின் நீளம் மற்றொரு காரணம்.

மருத்துவத் தம்பதியின் மௌனம்

வசதியும் கல்வியும் இருந்தால் இந்தக் காலம் எளிதாகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வேர்கொண்ட குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர் பால் கலாநிதி. ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். மனைவி லூசியும் மருத்துவர். முதுகுவலியும் எடைக்குறைவும் தொடங்கியபோதே இது புற்றுநோயாக இருக்கலாம் என்று கலாநிதி சந்தேகித்தார். முதலில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தம் அச்சத்தை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த வயதினருக்குப் புற்றுநோய் எவ்வளவு வருகிறது என்று அவர் கைப்பேசியில் தேடியிருந்ததைக் கண்ட பிறகே லூசிக்கு அது தெரிந்தது. நோயைக் காட்டிலும் அந்த மௌனமே அப்போது இருவரையும் அதிகம் பிரித்தது. 2013 இல், 36 வயதில், அவருக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் உறுதியானது. 2015 மார்ச்சில் மறைந்தார். அவர் எழுதிய நூல் 2016 இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

ஒளித்து வைத்த அச்சம் துணையைக் காப்பாற்றுவதில்லை, தனிமைப்படுத்துகிறது என்பதை இந்த வாழ்க்கை காட்டுகிறது. ஆனால் லூசிக்குக் கிடைத்த ஒன்று சஞ்சய் கேம்ப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. மருத்துவரின் சொல் லூசிக்குப் புரியும். அடுத்த சோதனை எது, ஏன், எப்போது என்று கேட்க அவரால் முடியும். இங்கே மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ஓ.பி. சந்திப்பில், அறியாத மொழியில் எழுதப்பட்ட சீட்டுடன் வெளியே வரும் மனைவிக்கு, கணவரின் நோய்க்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை என்பதுகூடத் தெரிவதில்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வது, ஊரிலுள்ள மாமியாருக்கு என்ன சொல்வது என்பதும் தெரிவதில்லை.

காப்பீடு எங்கே தொடங்குகிறது?

ஒன்றிய அரசு 2018 இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்பது அதன் முழக்கம். 2025 ஏப்ரலில் தில்லியும் அதில் இணைந்தது. ஆனால் இத்திட்டம் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கானது. சேர்க்கப்படுவதற்கு முந்தைய 3 நாட்கள் வரையிலான செலவை மட்டுமே அது ஏற்கிறது. சந்தேகத்துக்கும் உறுதிக்கும் இடைப்பட்ட மாதங்களில் செய்யப்படும் சோதனைகள் பெரும்பாலும் வெளிநோயாளிச் செலவு. நோயாளி எனச் சான்று பெற்ற பிறகே திட்டம் கண் திறக்கிறது. சான்று பெறுவதற்குள் நகையும் சேமிப்பும் போய்விடுகின்றன. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சில நோயறிதல் சோதனைகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது, மனம் இருந்தால் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் காப்பீட்டை விரிவாக்குவது மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் கருவியும் அதை இயக்கும் ஊழியரும் இல்லாமல் எந்த அட்டையும் பயன் தராது.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22 இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சொந்தப் பையிலிருந்து சென்றது. அரசின் சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025 க்குள் 2.5 விழுக்காட்டை எட்டுவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியவர்கள் இன்றும் ஆட்சியில் இருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கிறது. புற்றுநோய் உறுதியானால் அது 80 விழுக்காடாகி நீடிக்கிறது. ஆனால் துணையாகச் சென்று வேலையிழக்கும் கணவருக்கோ மனைவிக்கோ அதில் எதுவும் இல்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்கள் இந்த வளையத்துக்கே வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189 ஆம் உடன்படிக்கையை 2011 இல் ஆதரித்து வாக்களித்த இந்தியா, இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

விலை என்ற அச்சம்

காத்திருக்கும் துணையின் மனதில் ஓடும் அச்சத்தில் பாதி, மருந்தின் விலை பற்றியது. கலாநிதி முதலில் உட்கொண்ட எர்லோடினிப் மாத்திரையை இந்தியாவில் ரோஷ் நிறுவனம் ஒன்று 4,800 ரூபாய்க்கு விற்றது. நாளொன்றுக்கு ஒன்று வீதம் மாதத்துக்கு 1,44,000 ரூபாய். 2008 இல் சிப்லா அதே மருந்தை 1,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது ரோஷ் தடை கேட்டது. 2008 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் பொதுநலனையும் கருதித் தடை விதிக்க மறுத்தது. வழக்கு அதன் பிறகும் நீண்டது. ஆனால் உயிர் காக்கும் மருந்தின் விலை இயற்கை விதித்ததன்று, சட்டமும் அரசியலும் தீர்மானிப்பது என்பதை அந்த ஆணை காட்டியது. காத்திருப்பின் நீளமும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சந்தேகத்துடன் அவசரமாக அனுப்பப்படும் நோயாளிக்கு 28 நாட்களுக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்ற இலக்கு பொதுச் சுகாதாரத் துறைக்கு உண்டு. அந்த இலக்கு எல்லோருக்கும் நிறைவேறுவதில்லை. ஆனால் தாமதத்தை அளந்து கேள்வி கேட்க மக்களிடம் ஓர் எண் இருக்கிறது. இந்தியாவில் அந்த எண்ணே இல்லை.

செய்ய வேண்டியவை

புற்றுநோய்ச் சந்தேகம் எழுந்த நாளிலிருந்து சி.டி. ஸ்கேன், பயாப்ஸி, மரபணுச் சோதனை அனைத்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வேண்டும். அதற்குக் கால வரம்பு வேண்டும். உடன் செல்லும் துணைக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். இவை தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள்.

கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்க முடியாத குடும்பங்களும் இருக்கின்றன. தில்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள், வெளிநோயாளிகளில் 25 விழுக்காடும் உள்நோயாளிகளில் 10 விழுக்காடும் ஏழைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2007 இல் ஆணையிட்டுள்ளது. இதை அறியாமலே கடன் வாங்கும் குடும்பங்கள் பல. கிளைத் தோழர் ஒருவர் உடன் சென்று அந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம். அடுத்த சோதனை எது, எந்தத் தேதி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கலாம். வரிசையில் ஒரு நாள் மாறி நின்று, அந்தப் பெண்ணை வேலைக்கு அனுப்பலாம். அறிக்கை வாங்கும் நாளில் அவர் தனியே நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் புற்றுநோய்க்குப் பலியானார். சீதபேதி என்றே கருதி நெடுநாள் வைத்தியம் நடந்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தத் துயரம் முத்துலட்சுமியின் வீட்டுக்குள் முடங்கவில்லை. 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இன்று சாணக்யபுரியின் குடிசைகளிலும் தமிழகத்தின் சிற்றூர்களிலும் கோப்பை மடியில் வைத்துக் காத்திருக்கும் துணைகளின் துயரமும் அவரவர் வீட்டோடு முடிந்துவிடக் கூடாது. அது கோரிக்கையாக வேண்டும், அமைப்பாக வேண்டும்.