பழைய மென்பொருளும் 'தகுதி' என்னும் பொய்யும்

டர்போ சி பிளஸ் பிளஸ் வெளிவந்த ஆண்டு 1990. அந்த நிரல்மொழிக்கான சர்வதேசத் தர வரையறை வந்ததோ 1998இல். தமிழ்நாட்டில் நான் இளங்கலை படித்த கல்லூரியில் அந்த மென்பொருளில்தான் செய்முறை வகுப்பு நடந்தது. இன்று ஆய்வு மாணவராக இளையவர்களின் ஆய்வக வகுப்புகளுக்கு உதவப் போகும்போதும் அதே நீலத் திரைதான். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு, புதுக் கணினியைப் பழைய கணினிபோல் நடிக்கவைத்து ஓட்டுகிறோம்.

"எதில் படித்தால் என்ன, அடிப்படை ஒன்றுதானே?" என்று கேட்கிறார்கள். டர்போவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம், 32,767ஐத் தாண்டாது. அதில் 200ஐ 200ஆல் பெருக்கி வைத்தால் 40,000க்குப் பதிலாக மைனஸ் 25,536 வரும். அங்கே எழுதிப் பழகிய நிரலை இன்றைய கம்பைலரில் போட்டால் முதல் வரியிலேயே பிழை காட்டும். 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்ற கோப்பே இப்போது கிடையாது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய மாணவி, வேலைக்கான தேர்வில் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துத் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறாள்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பழைய மென்பொருள்தான். ஆனால் இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அண்ணன் பெங்களூரிலும் மாமா அமெரிக்காவிலும் ஐடியில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே தகவல் வந்துவிடுகிறது: 'இது பரீட்சைக்கு மட்டும், வெளியே பைதான் கற்றுக்கொள்.' பயிற்சி மையத்துக்குப் பணமும் கூடவே வருகிறது. தலைமுறைகளாகப் படிக்கவும் அலுவலகங்களில் அமரவும் முடிந்த சாதிகள் சேர்த்துவைத்த சொத்து இது.

துப்புரவுப் பணியாளரின் மகளுக்கும் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகனுக்கும் வகுப்பறை ஒன்றுதான் வாசல். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை சேர்ந்த படிப்பின் கட்டணத்தைத்தான் தரும். தனியார் பயிற்சி மையத்தின் கட்டணத்தைத் தராது. கடைசியில் வளாகத் தேர்வில் அவர்கள் வெளியேறும்போது, "கோட்டாவில் வந்தவர்கள், தகுதி இல்லை" என்ற முணுமுணுப்பு கேட்கிறது. கற்பிக்காமல் விட்ட கல்லூரியின் தகுதியை யாரும் கேட்பதில்லை.

2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் பருவத்துக்கு ஒரு கூடுதல் பாடம், முக்கியப் பாடத்திலேயே உள்ள ஓட்டையை அடைக்காது. குறைந்த ஊதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர் மீது பழி போடுவதும் நியாயமில்லை. பாடத்திட்டமும் தேர்வும் டர்போவைக் கேட்கும்வரை அவர் தனியாக எதை மாற்ற முடியும்?

பணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. ஜிசிசி கம்பைலர் 1987 முதலே இலவசமாகக் கிடைக்கிறது. பாடத்திட்டத்திலிருந்து டர்போவை நீக்க வேண்டும். இன்றைய தரத்துக்கு உட்பட்ட எந்தக் கம்பைலரில் எழுதினாலும் செய்முறைத் தேர்வில் ஏற்க வேண்டும். மாலையில் ஆய்வகத்தைத் திறந்துவைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினியும் இணையமும் வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உங்கள் துறையில் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். முதல் தலைமுறையாகப் படித்து, வேலைத் தேர்வில் அடிபட்டுத் தானாகவே மீண்டும் கற்று மேலே வந்த ஒரு பட்டியல் சாதிப் பட்டதாரியை அங்கே உட்காரவைக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் மனு கொடுங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு முன்பே கொடுங்கள்.